கோடரிக்குக் காம்பு போட்ட கரங்கள்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத்தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ரமலான் மாதம் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் நம் வீட்டு வாசல்களில் ஏழைகள் வந்து நிற்பதைக் காண்கிறோம். நாமும் சில்லறை மாற்றி வைத்துக்கொண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கிறோம். கொடுத்து முடித்ததும் ஒரு கடமை தீர்ந்தது என்ற நிம்மதி நம் உள்ளத்தில் பிறக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நம் வாசலுக்கு வந்தவர்களில் ஒரு பெரியவரும் இருந்தார். பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஏக்கருக்கும் குறைவான மேட்டு நிலத்தில் வானம் பார்த்துப் பயிர் செய்பவர். தொழுகையாளி. பணத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டவர் போகாமல் நின்றார். “ஹஜ்ரத், நீங்க குடுக்கிறது பெருநாளைக்குச் சரியாப் போயிடுது. வருஷா வருஷம் இங்கேயே வந்து நிக்கிறேன். வராம இருக்கிறதுக்கு ஒரு வழி இருந்தா சொல்லுங்க” என்றார்.

நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. “துஆ செய்கிறோம் பாவா, அல்லாஹ் லேசாக்குவான்” என்று சொல்லி அனுப்பினோம். சொன்னது தவறன்று. ஆனால் அவர் கேட்டது அது மட்டுமன்று என்பது அவர் தெருமுனை திரும்புமுன்பே நமக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு நம் மார்க்கத்தில் பதில் இருக்கிறதா என்று தேடியபோது, பலமுறை ஓதிக் கொடுத்த ஒரு ஹதீதே நம் முன் வந்து நின்றது.

பதினைந்து நாள் தவணை

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, அபூதாவூதில் பதிவான ஹதீது அது. அன்ஸாரிகளில் ஓர் ஏழை பெருமானார் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு கனத்த துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு மரக் கிண்ணமும் உண்டு என்றார் அவர். அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையில் ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்தில் வீட்டுக்கு உணவு வாங்கவும், மற்றதில் ஒரு கோடரி வாங்கி வரவும் பணித்தார்கள். கோடரி வந்ததும் அதற்குத் தம் முபாரக்கான கரங்களாலேயே காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வருமாறும், பதினைந்து நாள் வரை தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது அவரிடம் பத்து திர்ஹம் இருந்தது.

சகோதரர்களே! இந்தச் சம்பவத்தைப் பிச்சை எடுப்பதைக் கண்டிக்கும் ஹதீதாக மட்டும் நாம் ஓதிவருகிறோம். யாசித்து வருபவரை விரட்டுவதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால் உதவி செய்பவருக்கு இதில் இருக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, அவரிடம் என்ன இல்லை என்று கேட்கவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டாவது, அன்றைய பசிக்கு ஒரு திர்ஹத்தை ஒதுக்கினார்கள். பசித்தவனுக்குப் பாடம் மட்டும் நடத்தவில்லை. மூன்றாவது, அவர் கைக்கு அடங்கும் கருவியைக் கொடுத்தார்கள். அது உடைந்தால் அவரே செப்பனிட்டுக்கொள்ளலாம். நான்காவது, கருவியோடு விட்டுவிடாமல் வேலையையும் தவணையையும் சொல்லி, திரும்பி வந்து கணக்குச் சொல்லவும் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காம்பைத் தம் கையாலேயே போட்டார்கள்.

இந்த ஸுன்னத்தை இக்காலத்தில் ஏழை விவசாயிகளிடையே நிறைவேற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஓதப் போன பிள்ளை

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாஸோ என்றொரு நாடு. 1984 வரை அதற்கு அப்பர் வோல்ட்டா என்று பெயர். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஸஹாரா பாலைவனத்தின் தெற்கே சாஹேல் என்னும் வறண்ட பூமி இருக்கிறது. அந்நாட்டின் வடக்கிலுள்ள யாத்தெங்கா மாநிலம் அதைச் சேர்ந்தது. ஆண்டில் நான்கு மாதம்தான் மழை. 1970களின் தொடக்கத்திலும் 1980களின் தொடக்கத்திலும் அங்கே கடும் பஞ்சம் வந்தது. குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். நிலம் ஓடு போல் இறுகிப்போயிற்று. பெய்த மழையும் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து ஓடிவிடும். அத்தகைய நிலத்தை அவர்கள் மொழியில் ‘ஸிபெலே’ என்பார்கள்.

அம்மாநிலத்தில் கூர்கா என்ற கிராமத்தில் பிறந்தவர் யாக்கூபா ஸவாதோகோ. சிறு வயதில் அவரை அண்டை நாடான மாலியிலுள்ள குர்ஆன் மதரஸாவுக்கு ஓத அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல் அவருக்கு ஓதல் ஏறவில்லை. ஊர் திரும்பி, வாஹிகூயா நகரச் சந்தையில் சிறு கடை வைத்து வியாபாரம் செய்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் ஊரார் நிலத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த 1980ஆம் ஆண்டு வாக்கில், அவர் கடையை விட்டு நிலத்துக்குத் திரும்பினார்.

அவர் கையில் எடுத்தது புதுக் கருவியன்று; முன்னோர் கைவிட்டிருந்த பழைய முறைதான். ‘ஸாய்’ என்று அதற்குப் பெயர். அதிகாலையில் எழுந்து நிலத்தைத் தயார் செய்ய விரைதல் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து அது வந்தது என்று அறிந்தோர் கூறுகின்றனர். காலைப் பொழுதில் தம் உம்மத்துக்குப் பரக்கத்தைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்திருப்பது நம் நினைவுக்கு வருகிறது.

முறை எளிது. கோடையில், மழைக்கு முன்பே, கட்டாந்தரையில் மண்வெட்டியால் ஒரு சாண் அளவுக்குச் சிறுசிறு குழிகள் தோண்ட வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 10,000 குழிகளுக்கும் மேல் வரும். முன்னோர் தோண்டியதைவிட யாக்கூபா அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, ஒவ்வொரு குழியிலும் எருவையும் மட்கையும் போட்டார். எருவைத் தின்னக் கறையான்கள் வந்தன. அவை மண்ணைத் துளைத்து வழி உண்டாக்கின. மழை பெய்ததும் தண்ணீர் குழியில் தங்கி, அந்தத் துளைகள் வழியே அடிமண்ணுக்கு இறங்கியது. குழியிலேயே சோளமும் கம்பும் விதைத்தார். நாம் பகையென்று நினைக்கும் கறையானைக்கூட அல்லாஹ் தன் அடியானுக்குக் கூலியில்லாத உழவனாக்கிக் கொடுத்தான். ஸுப்ஹானல்லாஹ்!

ஒரு மணியும் விளையாத ஸிபெலே நிலத்தில், இம்முறையால் மழை குறைந்த ஆண்டிலும் ஹெக்டேருக்கு 300, 400 கிலோ தானியம் கிடைக்கலாயிற்று. நல்ல மழை ஆண்டில் 1,500 கிலோவரை எட்டியது. எருவோடு வந்த மர விதைகளும் குழிகளில் முளைத்தன. அவற்றை அவர் பிடுங்கி எறியாமல் வளர்த்தார். நாளடைவில் ஏறத்தாழ 40 ஹெக்டேரில், 60க்கும் மேற்பட்ட இன மரஞ்செடிகளோடு ஒரு காடே எழும்பிற்று.

முதலில் ஊரார் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. அவர் மறுபடியும் நட்டார். கியாமத்து நெருங்கும் வேளையிலும் கையில் ஒரு நாற்று இருந்தால் அதை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா!

சந்தையில் கூடிய மதரஸா

சகோதரர்களே! இதுவரை சொன்னது ஒரு மனிதரின் முயற்சி. இதன் பின் அவர் செய்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியமானது.

தம் நிலம் விளைந்ததும் அவர் வேலி போட்டுக்கொண்டு உட்காரவில்லை. 1984 முதல் ஆண்டுக்கு இருமுறை தம் நிலத்தில் ‘சந்தை நாள்’ நடத்தினார். நாளடைவில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து விவசாயிகள் வந்தார்கள். தங்கள் ஊரில் நன்றாக விளைந்த விதையைக் கொண்டுவந்து பரிமாறிக்கொண்டார்கள். எந்தக் குழி எந்த மண்ணுக்கு, எந்த விதை எந்த மழைக்கு என்று ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள். ஆசிரியரும் விவசாயி, மாணவரும் விவசாயி.

அதே வட்டாரத்தில் வேறொரு விவசாயி 1992இல் சாலையோரச் சரளை நிலம் ஒன்றில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, ‘ஸாய் பள்ளிக்கூடம்’ தொடங்கினார். சேருகிற ஒவ்வொரு குழுவும் ஒரு பாழ் நிலத்தை எடுத்துத் திருத்த வேண்டும் என்பது நிபந்தனை. 2001ஆம் ஆண்டுக்குள் அப்படி 20க்கும் மேற்பட்ட பள்ளிகளும் ஆயிரம் உறுப்பினர்களும் உண்டானார்கள்.

1989இல் பக்கத்து நாடான நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகள் யாத்தெங்காவுக்கு வந்து பார்த்துச் சென்றார்கள். தங்கள் ஊரிலும் ‘தஸ்ஸா’ என்ற பெயரில் இதே குழிமுறை முன்பு இருந்ததை நினைவுகூர்ந்து, அதற்கு எருவும் சேர்த்து, முதலாண்டில் 4 ஹெக்டேரில் செய்து பார்த்தார்கள். மறு ஆண்டு 70 ஹெக்டேர். அது வறட்சி ஆண்டு. குழி தோண்டிய நிலங்கள் விளைச்சல் தந்ததைக் கண்டு, அதன் பின் கிராமம் கிராமமாக அம்முறை பரவியது. 13 பேரை ஒரு முறை பயணம் அனுப்பியதற்குக் கிடைத்த பலன் இது. திருமறை நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவும்படி கட்டளையிடுகிறதே, அதன் செயல் வடிவம் இதுவல்லவா?

உழவனிடம் கேட்ட உதவி

உதவி செய்யப் போகிறவர்களுக்கும் யாத்தெங்காவில் ஒரு பாடம் கிடைத்தது. 1979இல் ஆக்ஸ்ஃபாம் என்னும் தொண்டு நிறுவனம் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மரம் வளர்ப்பதே அவர்கள் எண்ணம். மக்களோ, முதலில் எங்கள் தானியத்துக்குத் தண்ணீர் நிற்க வழி செய்யுங்கள் என்றார்கள். திட்டக்காரர்கள் பிடிவாதம் பிடிக்காமல் காது கொடுத்தார்கள். வழிந்தோடும் மழைநீரைத் தடுக்க விவசாயிகள் வயலில் கல் வரிசை அடுக்கும் வழக்கம் முன்பே அங்கு இருந்தது. ஆனால் சரிவு மிகக் குறைவான நிலத்தில் ஒரே மட்டம் எங்கே போகிறதென்று கண்ணுக்குத் தெரியாததால், கல் வரிசை கோணிப்போய் ஓரிடத்தில் தண்ணீர் உடைத்துக்கொள்ளும்.

அதற்கு அவர்கள் கண்ட கருவி, நம்மூர்க் கொத்தனார் வீடு கட்டும்போது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்தான்! கண்ணாடி போன்ற நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் அளவு குறித்த இரு கோல்களில் கட்டிவிட்டால், இரண்டிலும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கும் இடங்கள் ஒரே மட்டம். விலை சில டாலர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிக்கொள்ளலாம். அந்த மட்டத்தில் கல் அடுக்கினார்கள். தண்ணீர் வேகம் தணிந்து மண்ணில் ஊறியது, வண்டலும் தங்கியது.

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டு, இதனால் பயனிருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூற, அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகத் தொழில் விஷயங்களை அவர்களே நன்கறிந்தவர்கள் என்று நபியவர்கள் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வஹீ இறங்கிய நாவே உழவனின் அனுபவத்துக்கு இடம் கொடுத்திருக்கும்போது, உதவப் போகிற நாம் ஏழையிடம் கேட்காமலே அவனுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வது எப்படிச் சரியாகும்?

எளிதென்று நினைத்துவிட வேண்டாம்

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு ஹெக்டேருக்குக் குழி தோண்ட முந்நூறு மணி நேரத்துக்கும் மேல் உழைப்பு வேண்டும். எரு வேண்டும், எருவுக்குக் கால்நடை வேண்டும். நீர் தேங்கும் நிலத்துக்கும் வெறும் மணலுக்கும் இம்முறை ஒத்துவராது. ஆகவே ஓரிடத்தில் கண்டதை அப்படியே மற்றோரிடத்தில் திணிக்கக் கூடாது. அந்தந்த மண்ணுக்கு ஏற்றது எதுவென்று அந்த மண்ணில் நிற்பவனோடு சேர்ந்துதான் தேட வேண்டும்.

உழைத்தவர்க்குச் சோதனை வராது என்பதும் இல்லை. வாஹிகூயா நகரம் விரிவடைந்தபோது யாக்கூபாவின் நிலத்திலும் மனைகள் பிரிக்கப்பட்டன, வீடுகளும் எழுந்தன. மரங்களால் நிலத்தின் மதிப்பை உயர்த்தியவருக்கே அந்த நிலம் உறுதியாக இல்லை. 2018இல் ஸ்வீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதும், 2020இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருதும் அவரைத் தேடி வந்தன. 2023 டிசம்பர் 3இல் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதே ஆண்டில் அந்நாட்டில் ஆயுதக் குழுக்களின் கொடுமையால் வீடிழந்தோர் 20 லட்சத்துக்கும் மேல். நிலத்தைத் திருத்திய உழவனும் அதை விட்டு ஓட நேர்ந்த அவலம் அது. அம்மக்களுக்காக நாம் துஆ செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் அவர் நட்டது வீணாகவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவனுக்கு ஸதக்காவாகிறது என்று நபிமொழி அறிவிக்கிறது. அவரிடம் குழி தோண்டக் கற்றவர் இன்னொருவருக்குக் கற்பித்து, அவர் மற்றொருவருக்குக் கற்பித்திருந்தால், அந்த நன்மையின் கணக்கை யார் எழுதி முடிப்பது? மதரஸாவில் ஓதல் ஏறாமல் திரும்பிய பிள்ளை, பயன் தரும் இல்மை விட்டுச் சென்றவர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டார் என்று நாம் நம்புகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

“ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ், நாம் என்ன செய்துவிட முடியும்?” என்று சிலர் கேட்கக்கூடும். விதைப்பவன் மனிதன், முளைக்கச் செய்பவன் அல்லாஹ். ஸூரா அல்வாகிஆவில் அவன் நம்மிடம் கேட்கும் கேள்வி அதுதான். குழி தோண்டாமல் மழைக்குக் காத்திருப்பது தவக்குல் ஆகாது. தோண்டிவிட்டு, மழை என் கையில் இல்லை என்று உணர்ந்து ஸஜ்தாவில் விழுவதே தவக்குல்.

ஆகவே நம் வீடுகளில் மூன்று காரியங்களைப் பற்றி யோசிக்க வேண்டுகிறோம்.

ஒன்று, நிலமுள்ளவர்கள் உஷ்ரைக் கணக்கிட வேண்டும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. எந்தப் பயிருக்கு, எவ்வளவு விளைந்தால் என்ற மத்ஹபு விவரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். தரிசாகப் போட்டு வைத்திருக்கும் நிலத்தை, பயிர் செய்யத் தெரிந்த ஏழைச் சகோதரனுக்குச் சில ஆண்டுகளுக்கேனும் விட்டுக்கொடுங்கள். நிலமுடையவன் தானே பயிரிடட்டும், அல்லது தன் சகோதரனுக்குக் கொடுக்கட்டும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

இரண்டு, ஜகாத்தைச் சில்லறையாக மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிற்கருவியை வாங்கிக்கொள்ளும் அளவு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ இமாம்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நூறு பேருக்கு நூறு நூறாகப் பிரிப்பதில் ஒரு பகுதியையாவது, பத்துப் பேர் மறுவருடம் வரிசையில் நிற்காதபடி செலவிட முடியுமா என்று ஜமாஅத்தார் கூடி ஆலோசிக்கட்டும். அன்றைய பசிக்கு உரிய ஒரு திர்ஹத்தை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

மூன்று, அறிவைச் சேர்த்துவையுங்கள். மஹல்லாவில் நன்றாக விளைவிக்கும் ஒரு சிறு விவசாயி இருப்பார்; விளையாமல் தவிக்கும் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களை ஒரு நாள் ஒன்றாக உட்கார வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? ஒரு நேரச் சாப்பாடும் ஒரு வண்டி வாடகையும்தான். நாம் நடத்தும் எத்தனையோ விருந்துகளில் இப்படியும் ஒன்று இருக்கட்டுமே!

முடிவாக, அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அதன் பின் இரண்டு ரமலானில் நம் வாசலுக்கு வந்தார். ஸலாம் சொன்னார், கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. மூன்றாம் ரமலானில் அவர் வரவில்லை. விசாரித்தபோது, ரஜபு மாதமே மவ்த்தாகிவிட்டதாகச் சொன்னார்கள். நாம் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தோம். காம்பு போட்டுக் கொடுக்கவில்லை. அவருடைய மகன் அதே மேட்டு நிலத்தில்தான் இப்போது நிற்கிறார். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதல் வேலையாக அவரைப் பார்க்கப் போவதாக நிய்யத்து வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் கரங்களைக் கொடுக்கும் கரங்களாகவும், தூக்கி நிறுத்தும் கரங்களாகவும் ஆக்குவாயாக! வறண்ட பூமிகளில் உழைக்கும் உன் அடியார்களுக்கு ரஹ்மத்தான மழையையும் பயனுள்ள இல்மையும் அருள்வாயாக! ஏழையின் கேள்விக்கு நாங்கள் சொல்லத் தவறிய பதில்களை மன்னித்து, இனியேனும் செயலால் பதில் சொல்லத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.